ரெண்டு ஆப்டிமஸ், ஒரே டை: ஜப்பான் வெர்ஷனா, அமெரிக்க வெர்ஷனா?

இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்ணும்போது என் மேசை மேல ரெண்டு பொம்மை நின்னுட்டிருந்துச்சு. ரெண்டுமே ஆப்டிமஸ் பிரைம். சுமார் 30 சென்டிமீட்டர் உயரம், உள்ள நிறைய மெட்டல், கையில தூக்கினா ஒரு சின்ன இட்லிப் பானை கனம். ரெண்டும் என்னோடது இல்ல. ஆவடி டேங்க் ஃபேக்டரி பக்கம் இருக்கற ஒரு நண்பர் பல வருஷமா டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சேர்க்கறவர். "கீழ போட்டீங்கன்னா நம்ம நட்பு அதோட முடிஞ்சுது"ன்னு சொல்லித்தான் குடுத்தார்.

ஒண்ணு, ஜப்பான்ல டகாரா கம்பெனி 2003 கடைசியில வெளியிட்டது. மாஸ்டர்பீஸ் வரிசையோட முதல் பொம்மை. அங்க இவருக்குப் பேரு கான்வாய். இன்னொண்ணு, அமெரிக்காவுல ஹாஸ்ப்ரோ 2004ல 20ஆம் ஆண்டு நினைவா விட்டது. தூரத்துல இருந்து பார்த்தா வித்தியாசமே தெரியாது. கிட்ட வந்தா ஒரு விஷயம் கண்ணுல படும். லாரி கேபினோட ரெண்டு பக்கமும் நிக்கற புகைக்குழாய் ஜப்பான்காரருக்கு நீளமா இருக்கும், அமெரிக்காக்காரருக்கு குட்டையா இருக்கும்.

"ஜப்பான் வெர்ஷன் வாங்கலாமா, அமெரிக்க வெர்ஷன் போதுமா?" பொம்மை சேர்க்கறவங்க எங்க கூடினாலும் இந்தக் கேள்வி வந்துடும். பதிலும் ரெடியா இருக்கும்: ஜப்பான்தான் ஒரிஜினல், மத்ததெல்லாம் மட்டம். நானும் அப்படி நம்பினவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதுசுல, டோக்கியோவுக்கு ஆன்சைட் போன ஒரு சீனியர்கிட்ட கெஞ்சி ஒரு டகாரா பொம்மை வாங்கி வரச் சொன்னேன். அதுக்குக் குடுத்த காசை இன்னிக்கு வரைக்கும் வீட்டுல சொன்னதில்ல. இந்த எபிசோடை அம்மா கேட்க மாட்டாங்கங்கற தைரியத்துலதான் இதையும் சொல்றேன்.

ஆனா அப்பா அன்னிக்கு ரூமுக்குள்ள வந்துட்டார்.

அப்பாவைப் பத்திச் சொல்லணும். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு இன்ஜெக்ஷன் மோல்டிங் யூனிட்ல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவர். வண்டிகளுக்குப் போற பிளாஸ்டிக் பாகங்கள், சுவிட்ச் கவர், மூடின்னு என்னென்னமோ அடிப்பாங்க. 1964ல தொடங்கின எஸ்டேட் அது. அப்பா ஷிஃப்ட் பார்த்த அதே எஸ்டேட்டுக்குள்ளதான் இப்போ ஐடி பார்க்குகள் வந்திருக்கு, அதுல ஒண்ணுலதான் நான் கோட் எழுதறேன்.

அவர் ரெண்டு ஆப்டிமஸையும் கையில எடுத்தார். முகத்தைப் பார்க்கல. திருப்பிப் போட்டு உள்பக்கத்தைப் பார்த்தார். பிளாஸ்டிக் பாகத்தை அச்சுல இருந்து தள்ளி வெளிய எடுக்கறதுக்கு எஜெக்டர் பின் இருக்கும், அது ஒரு சின்ன வட்டத் தழும்பு விட்டுட்டுப் போகும். அச்சோட ரெண்டு பாதி சேர்ற இடத்துல மெல்லிசா ஒரு கோடு விழும். இதையெல்லாம் ரெண்டுலயும் மாத்தி மாத்தித் தடவிப் பார்த்துட்டு சொன்னார்: "ஒரே டைடா. பொகக்குழாய்க்கு மட்டும் இன்செர்ட் மாத்தி அடிச்சிருக்கான்."

ஒரே டை. இந்த வார்த்தையை அவர் எங்கிட்ட சொல்றது இது ரெண்டாவது தடவை. முதல் தடவை சொன்னப்போ எனக்கு எட்டு வயசு, நான் நம்பல. அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன். அதுக்கு முன்னாடி, இந்த ஜப்பான்–அமெரிக்கா சண்டை எங்க தொடங்குச்சுன்னு பார்ப்போம். தேடிக்கிட்டுப் போனா, கதை ஜப்பான்ல தொடங்கல.

1964ல ஹாஸ்ப்ரோ ஜி.ஐ. ஜோ என்ற ராணுவ வீரர் பொம்மையைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரம், கை கால் எல்லாம் மடங்கும், துணி யூனிஃபார்ம் போட்டுவிடலாம். ஆம்பளப் பசங்க 'டால்' வச்சு விளையாட மாட்டாங்கன்னு பயந்து 'ஆக்‌ஷன் ஃபிகர்'னு பேர் வச்சதும் அவங்கதான். இந்தப் பொம்மைக்கு ஜப்பான்ல லைசன்ஸ் வாங்கின கம்பெனி எது தெரியுமா? டகாரா. 1955ல தொடங்கி, 1967ல லிக்கா-சான் என்ற பொண்ணு பொம்மையால பெருசா வளர்ந்த அதே டகாரா.

ஜப்பான் பசங்களுக்கு அமெரிக்க ராணுவ வீரன் மேல பெரிய ஆசை இல்ல. டிவில அப்போ உருமாறற ஹீரோக்கள் காலம். 1971ல காமென் ரைடர் வந்தாச்சு. அதனால டகாரா 1972ல ஒரு காரியம் பண்ணுச்சு. அதே ஜி.ஐ. ஜோ உடம்பைக் கண்ணாடி மாதிரி நிறமில்லாத பிளாஸ்டிக்ல வார்த்து, உள்ள மெஷின் பாகங்கள் தெரியற மாதிரி வச்சு, ஹென்ஷின் சைபோர்க்னு விட்டுச்சு. 1974ல அதைச் சுமார் 10 சென்டிமீட்டருக்குச் சுருக்கி மைக்ரோமேன். 1980ல டயாக்ளோன், அதாவது குட்டி பைலட்டுகள் உள்ள உட்கார்ந்து ஓட்டற ரோபோக்கள். கொஞ்ச நாள்ல அந்த ரோபோக்கள் நிஜக் காரா, லாரியா உருமாற ஆரம்பிச்சுது. 1983ல மைக்ரோ சேஞ்ச் வரிசை. அதுல வீட்டுல இருக்கற டேப் ரெக்கார்டரும் கைத்துப்பாக்கியும் ரோபோவா மாறும்.

1983ல ஹாஸ்ப்ரோ ஆட்கள் டோக்கியோவுல இதைப் பார்த்தாங்க. இந்த வேற வேற வரிசைகளை ஒண்ணாச் சேர்த்து, மார்வெல் காமிக்ஸ்ல கதையும் பேரும் எழுதி வாங்கி, 1984ல டிரான்ஸ்ஃபார்மர்ஸ்னு விட்டாங்க. பாப் புடியான்ஸ்கி என்ற மார்வெல் எடிட்டர்தான் பெரும்பாலான பேர்களை வச்சவர். ஜப்பான்ல டிரான்ஸ்ஃபார்மர்ஸ்ங்கற பேர்ல விற்பனை தொடங்கினது அதுக்கு அடுத்த வருஷம்தான். பொம்மை ஜப்பான்ல இருந்து போச்சு, பேரும் கதையும் அமெரிக்காவுல இருந்து திரும்பி வந்துச்சு. அந்தப் பொம்மையோட கொள்ளுத்தாத்தா ஏற்கெனவே ஒரு அமெரிக்க சிப்பாய். இதுல எதை ஒரிஜினல்னு சொல்றது?

கதையில எனக்குப் பிடிச்ச ஒரு சின்ன விஷயம். ஹாஸ்ப்ரோ கதையில ரோபோக்களுக்கே உயிர் உண்டு, அதனால பைலட் தேவையில்ல. பைலட் பொம்மைகளைத் தூக்கிட்டாங்க. ஆனா அச்சை மாத்தல. அதனால 1984ல அமெரிக்காவுல வித்த கார் ரோபோக்கள் பலதுல, யாருமே உட்கார வராத ஒரு டிரைவர் சீட்டு அப்படியே இருக்கும். எங்க ஆபீஸ் கோட்ல இப்படி நூறு சீட்டு இருக்கு. ஏன் இருக்குன்னு யாருக்கும் தெரியாது, எடுக்க எல்லாருக்கும் பயம்.

இப்போ தரம் பத்திப் பேசுவோம். தொடக்கத்துல அமெரிக்கக் கடைகள்ல வித்த டிரான்ஸ்ஃபார்மர்ஸைத் திருப்பிப் பார்த்தா டகாரா, ஜப்பான்னு பொறிச்சிருக்கும். அதே தொழிற்சாலை, அதே மெட்டல். வித்தியாசம் வேற இடத்துல இருந்துச்சு. பொம்மைகள் ஏவுகணை விடும் இல்லையா, அந்த ஸ்ப்ரிங்கை அமெரிக்க வெர்ஷன்ல வலுவில்லாம ஆக்கினாங்க. ஜப்பான்ல பட்டனைத் தட்டினா ஏவுகணை பாயும். அமெரிக்காவுல சோம்பலா நழுவி மடியில விழும். சேர்க்கறவங்க இதை இன்னிக்கும் கிண்டல் பண்ணுவாங்க.

ஆனா காரணம் கஞ்சத்தனம் இல்ல. 1970களோட கடைசியில அமெரிக்காவுல ஒரு விண்கலப் பொம்மையில இருந்து பாய்ஞ்ச சின்ன ஏவுகணை தொண்டையில சிக்கி ஒரு குழந்தை இறந்துபோச்சு. 1980ல இருந்து, மூணு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகளோட பொம்மைகள்ல விழுங்கக்கூடிய சின்ன பாகம் இருக்கக் கூடாதுன்னு அங்க விதி வந்துச்சு. அதுக்கு மேல உள்ள வயசுக்குப் பொம்மை செய்யற கம்பெனிகளும் ரொம்ப ஜாக்கிரதையா இருந்தாங்க. 2004 ஆப்டிமஸோட குட்டைப் புகைக்குழாயும் இந்த வகைதான், குழந்தைகள் பாதுகாப்புக்காக வெட்டினது. நீளக் குழாய் அழகு, எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனா அதை 'தரம் குறைவு'ன்னு சொல்ல இப்போ எனக்கு வாய் வரல. முப்பது வயசு ஆள் ஷெல்ஃப்ல வைக்கப் போற பொம்மையும், ஆறு வயசுப் பையன் அதைக் கையில பிடிச்சுக்கிட்டு மாடிப்படியில ஓடப் போற பொம்மையும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்ல.

இதுக்காக ஜப்பான் வெர்ஷன் பெருமையெல்லாம் கட்டுக்கதைன்னு சொல்ல வரல. 2000களுக்கு அப்புறம் வித்தியாசம் நிஜமாவே இருந்துச்சு. 2006ல ஹாஸ்ப்ரோ 'கிளாசிக்ஸ்' வரிசை விட்டுச்சு, நடுத்தர சைஸ் பொம்மை சுமார் 10 டாலர். 2006 மார்ச்ல டகாராவும் டோமியும் இணைஞ்சு டகாரா டோமி ஆச்சு, அவங்க 2008ல அதே அச்சுகள்ல 'ஹென்கெய் ஹென்கெய்'னு ஒரு வரிசை விட்டாங்க. அதுல குரோம் பூச்சு, கூடுதல் பெயின்ட். பக்கத்துல வச்சா ஹாஸ்ப்ரோ பொம்மை குளிக்காம வந்த மாதிரி இருக்கும்.

பெயின்ட்தான் இதுல பெரிய செலவு. பிளாஸ்டிக்கை எந்தக் கலர்ல வேணும்னாலும் வார்க்கலாம், அதுக்குப் பெருசா காசு ஆகாது. வார்த்ததுக்கு மேல ஒவ்வொரு கலர் அடிக்கவும் தனி மாஸ்க் வேணும், ஒரு ஆள் வேணும், காயற நேரம் வேணும். 10 டாலர்ல நிக்கணும்னா முதல்ல வெட்டுப்படறது முதுகுப்பக்க பெயின்ட். ஜப்பான்ல வாங்கறவர் பெரும்பாலும் சம்பாதிக்கற ஆள், கூடக் குடுப்பார். அமெரிக்கப் பெரிய கடைகள்ல வாங்கறது, பையன் அழுறான்னு வாங்கற அம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே கோட்பேஸ்ல ரெண்டு பில்ட்.

இதை அப்பாகிட்ட சொன்னப்போ அவர் சிரிச்சார். "இது எஸ்டேட்ல தெனமும் நடக்கறதுடா. ஒரே மெஷின்ல, ஒரே டைல அடிப்போம். ஒரு லாட்டு வண்டிக் கம்பெனிக்குப் போகும், ஒரு லாட்டு ஸ்பேர் மார்க்கெட்டுக்குப் போகும். கம்பெனி லாட்டுல ஒரு பொட்டு இருந்தாலும் தூக்கிப் போட்ருவோம். அந்தப் பக்கம் அவ்ளோ பார்க்க மாட்டோம். கடைக்காரன் ஒண்ணை ஒரிஜினல்னுவான், ஒண்ணை லோக்கல்னுவான்." அந்த 'லோக்கல்' பாகத்தை அடிச்சவரும் அவரேதான். எதைத் தூக்கிப் போடலாம், எதை விடலாம்னு காசு குடுக்கறவன் சொல்றான், இவங்க அதைச் செய்யறாங்க.

ஜப்பான் முத்திரை இருந்தா உடையாதுன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு பேர் சொல்றேன்: பிளாக் ஜாராக். 1988 ஜப்பான் தொடரோட வில்லன், ஜப்பான்ல மட்டுமே வித்த பெரிய பொம்மை. இன்னிக்கு வாங்கணும்னா சொத்தை வித்தாகணும். அதுல மினுமினுக்கற தங்க நிற பிளாஸ்டிக் உண்டு. அந்த வகை பிளாஸ்டிக் வருஷம் போகப் போகத் தானா பிஸ்கட் மாதிரி நொறுங்கும். சேர்க்கறவங்க இதை ஒரு வியாதி மாதிரி 'கோல்டு பிளாஸ்டிக் சிண்ட்ரோம்'னு சொல்றாங்க. பெட்டியைத் திறக்காம வச்சிருந்தாலும் தப்பிக்காது. அதே காலத்து அமெரிக்கப் பொம்மைகள்லயும் தங்கத் துகள் கலந்ததெல்லாம் நொறுங்குது. "மினுமினுப் பொடி கலந்தா பிளாஸ்டிக் பலம் போயிடும்னு எங்க சூப்பர்வைசரே திட்டுவாரு"ன்னார் அப்பா.

சரி, எட்டு வயசுக் கதை.

மெட்ராஸ்ல ஒரு டயர் கம்பெனி இருக்கு, எம்ஆர்எஃப். 1946ல திருவொற்றியூர்ல ஒரு கொட்டகையில பொம்மை பலூன் செய்யத் தொடங்கின கம்பெனி அது. 1987ல இந்த எம்ஆர்எஃப்பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து தொடங்கினதுதான் ஃபன்ஸ்கூல். தலைமையகம் சென்னை, தொழிற்சாலை கோவா. ஹாஸ்ப்ரோ அமெரிக்காவுல பயன்படுத்தின அச்சுகள் இந்தியாவுக்கு வந்துச்சு, அதுல இங்க ஜி.ஐ. ஜோ அடிச்சாங்க. இது 1982க்கு அப்புறம் வந்த சின்ன சைஸ் ஜோ, பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முதுகுல ஒரு ஸ்க்ரூ, உள்ள ஒரு ரப்பர் வளையம், அதுதான் இடுப்பையும் காலையும் உடம்போட பிடிச்சு வச்சிருக்கும்.

எங்கிட்ட நாலு ஜோ இருந்துச்சு. அத்தை பையன் விளையாடி முடிச்சுக் குடுத்தது. பட்டரவாக்கம் கேட் பக்கத்துல எங்க தெருவுக்கு ஒரு லீவுல அமெரிக்காவுல இருந்து ஒரு பையன் வந்தான், அவன்கிட்டயும் ஜோ இருந்துச்சு. என்னோடதுல ஒண்ணு அவன்கிட்ட இருந்ததோட அதே ஆள், ஆனா கலர் வேற, கண் பெயின்ட் கொஞ்சம் நகர்ந்திருக்கும். "யுவர்ஸ் இஸ் டூப்ளிகேட்"னான். அழுதுகிட்டே வீட்டுக்கு வந்தேன். அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்கி எழுந்தவர், அந்தப் பையனோட ஜோவையும் கேட்டு வாங்கி, ரெண்டையும் ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு சொன்னார்: "ரெண்டும் ஒரே டைதான்டா. பெயின்ட்தான் வேற."

நான் நம்பல. அம்பத்தூர்ல மூடி அடிக்கற அப்பாவுக்கு அமெரிக்கப் பொம்மையைப் பத்தி என்ன தெரியும்னு நினைச்சேன். மறுவாரம் ஸ்கூல்ல ஒரு பேபிளேடுக்கு மூணு ஜோவை மாத்திக்கிட்டேன்.

இன்னிக்கு ஃபன்ஸ்கூல் ஜோவை வெளிநாட்டுல இருக்கறவங்க தேடித் தேடி வாங்கறாங்க. வேற எந்த நாட்டுலயும் வராத கலர்கள்ங்கறதுதான் காரணம். அந்த 'தப்பான' கலர்தான் இப்போ மதிப்பு. பெயின்ட் சுமார்தான், பிளாஸ்டிக்கும் சில சமயம் வேற மாதிரி இருக்கும், அதை மறைக்க வேண்டாம். ஆனா அது டூப்ளிகேட் இல்ல. லைசன்ஸ் உண்டு, அச்சு உண்டு. ஆவடியில 1965ல விஜயந்தா டேங்க் வந்ததே, அது பிரிட்டன் விக்கர்ஸ் கம்பெனி டிசைன். ஆவடி டேங்கை யாராவது டூப்ளிகேட்னு சொல்லிப் பாருங்க, அதுவும் எங்க நண்பர் வீட்டுத் தெருவுல நின்னு.

இப்போ நிலைமை என்னன்னும் சொல்லிடறேன், வாங்கற ஐடியாவுல இருக்கறவங்களுக்காக. 2019 வாக்குல 'சீஜ்' வரிசை வந்ததுல இருந்து, கடைகள்ல கிடைக்கற சாதாரண வரிசைகள்ல ஜப்பான் பொம்மையும் ஹாஸ்ப்ரோ பொம்மையும் ஒண்ணாயிடுச்சு. பெட்டியைப் பிரிச்சா உள்ள அதே பெயின்ட், அதே பொம்மை. தயாரிப்பு சீனா, இப்போ நிறைய வியட்நாம். மாஸ்டர்பீஸ் மாதிரி விலை உயர்ந்த வரிசைகள்லதான் டகாரா டோமிக்குன்னு தனி உலகம் இருக்கு. நம்ம ஊர்ல பொம்மை இறக்குமதி வரி 2020 பட்ஜெட்ல 20 சதவீதத்துல இருந்து 60 ஆச்சு, 2023ல 70. 2021 ஜனவரியில இருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். அதனால பழைய பெருமைக்காக ஜப்பான் பெட்டியைத் தேடி ரெட்டிப்பு விலை குடுக்கறதுக்கு முன்னாடி, அதே பொம்மை ஹாஸ்ப்ரோ பெட்டியில இங்க கிடைக்குதான்னு பார்த்துக்கங்க. 2010கள் வரைக்கும் வந்த ஜப்பான் வெர்ஷன் செகண்ட் ஹேண்ட்ல நல்ல நிலையில சிக்கினா, அது வேற. அந்தப் பெயின்ட்டுக்குக் காசு குடுக்கலாம். நான் டோக்கியோவுல இருந்து வரவழைச்சது அந்த வகை இல்லங்கறதை மட்டும் சொல்லிக்கறேன்.

மாத்திக்காம மிச்சமிருந்த அந்த நாலாவது ஜோ, போன மாசம் பரண்ல பழைய ஸ்கூல் பேக்குக்குள்ள கிடைச்சான். ரப்பர் வளையம் இத்துப்போய் ரெண்டு துண்டா கிடந்தான். அப்பா ஸ்க்ரூவைக் கழட்டி, வளையத்தோட மிச்சத்தை ஒரு பேப்பர்ல மடிச்சு எடுத்துக்கிட்டு எஸ்டேட் பக்கம் கிளம்பிட்டார். சாயந்திரம் ஒரு ஹைட்ராலிக்ஸ் கடையில இருந்து நாலு சைஸ் ஓ-ரிங் வாங்கிட்டு வந்தார், மொத்தமே முப்பது ரூபா. மூணாவது சைஸ் பொருந்துச்சு. இடது கால் மட்டும் இன்னும் கொஞ்சம் லூஸ், உட்கார வச்சாதான் நிக்கறான். இப்போ மைக் ஸ்டாண்ட் மேல உட்கார்ந்திருக்கான்.

உங்க வீட்டுப் பரண்ல ஃபன்ஸ்கூல் ஜோ, பழைய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஏதாவது இருந்தா, உள்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அப்பா பார்த்துச் சொல்றேன்னு ஒத்துக்கிட்டார். அடுத்த எபிசோட் பேபிளேட். அந்த மூணு ஜோ யார்கிட்ட இருக்குன்னும் ஒரு தகவல் கிடைச்சிருக்கு.